நாலு பலம்

ஒன்பது நாளாக அவர் குளிக்கவில்லை. வியாழக்கிழமை பராமரிப்பு இல்லத்திலிருந்து வண்டி வரும் என்று என் பிள்ளை ஸ்ரீவத்சன் சொல்லிவிட்டான். அன்று செவ்வாய். அதற்குள் நான் ஒரு தடவையாவது குளிப்பாட்டிவிட்டால் வண்டி வேண்டாம் என்று அவனிடம் பேசி வைத்திருந்தேன். "உன்னால முடியாதும்மா" என்றான், வேளச்சேரியிலிருந்து ஃபோனில். சொல்வதற்கு என்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது?

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பார்த்துக்கொள்ள வந்த மூன்று ஆட்களும் ஓடிவிட்டார்கள். மூன்றாமவன் ரகுபதி, ஆறடி ஆள். குளிக்க அழைத்துப் போக இவர் மணிக்கட்டைப் பிடித்தான். அடுத்த நொடி வாளிக்குள் உட்கார்ந்திருந்தான். "இன்னா மாமி, மறதி நோயாளின்னுதானே சொன்னீங்க? பயில்வான் கணக்கா கீறாரு!" என்று ஈர பேண்ட்டோடு போனவன், அப்புறம் வரவில்லை.

பயில்வான் எல்லாம் இல்லை. என் அகத்துக்காரர் கல்யாணராமன், கப்பல் கம்பெனி வேலையாகப் பினாங்கில் இருந்தபோது ஒரு சீனரிடம் தாய்ச்சி என்கிற தற்காப்புக் கலையைக் கற்றுக்கொண்டு வந்தார். அப்புறம் முப்பது வருஷம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. இருவர் இருவராக நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி மெதுவாக வட்டம் போடுவார்களாம். யார் பலம் போடுகிறானோ அவன் தன் பலத்தாலேயே விழுவானாம். "காத்தைத் தள்றதுக்கு ஒரு வாத்தியாரா?" என்று நான் சிரிப்பேன். ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. எனக்கு எங்கே ஒழிந்தது? மாமனாரும் மாமியாரும் படுக்கையில் கிடந்த வருஷங்கள் அவை. வகுப்புக்கு வருகிறவர்கள் தோளையெல்லாம் தொட்டு, "இறக்கு, இறக்கு" என்று திருத்துவாராம்; அந்த மனிதர் என் தோளை ஏறிட்டும் பார்த்ததில்லை. இப்போது அவருக்கு என் பெயரும் போய்விட்டது. கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் அவரை வண்டியில் ஏற்றிவிட்டு இந்த வீட்டில் தனியாகக் காப்பி குடிக்க என்னால் ஆகாது. அவருடைய பழைய மாணவர் கரீமுல்லாவைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டையில் சோபா தைக்கிற கடைக்காரர். வந்ததும் முஷ்டியை மறு உள்ளங்கையில் வைத்து வாத்தியாரை வணங்கினார். இவரும் அப்படியே பதிலுக்கு வணங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, எல்லாரும் அவர் கையைப் புடிக்கிறீங்க. புடிச்சா அவருக்கு அது சண்டை. ஒடம்பு தானா பதில் சொல்லும்."

"பின்னே எப்படித்தான் அழைச்சுண்டு போறது?"

"சார் சொல்வாரே, நாலு பலம் போதும், ஆயிரம் ராத்தல் நகரும்னு. புடிக்காதீங்க, சும்மா வைங்க. அவர் போற பக்கம் ஒட்டிக்கினே போங்க. போற போக்குல கொஞ்சமா திருப்புங்க."

பலமும் ராத்தலும் பழைய எடைகள்; ஒரு பலம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம். என் அம்மா புளி வாங்கின கணக்கு. கரீமுல்லா போனதும் நூற்று நாற்பது கிராம் புளியை நிறுத்து, மணிக்கட்டில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அறுபத்தாறு வயதில் இந்தக் கூத்து. கனம் கைக்குப் பிடிபடும்வரை வைத்து வைத்து எடுத்தேன்.

புதன்கிழமை காலை வெந்நீர் விளாவி வைத்துவிட்டு அவர் எதிரே நின்று, கரீமுல்லா மாதிரியே வணங்கினேன். அவரும் வணங்கி வலக்கையை நீட்டினார். என் மணிக்கட்டை வைத்தேன். பயத்தில் இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, சுவரில் போய் முட்டினேன். அடப் பாவி மனுஷா! மறுபடி வைத்தேன், புளிக் கனம்தான். தள்ளினார், பின்னால் போனேன். இழுத்தார், கூடவே போனேன். வட்டத்துக்கு ஓர் அடி குளியலறைப் பக்கம். சாப்பாட்டு மேஜை தாண்டி, ஃப்ரிட்ஜ் தாண்டி, கூடத்தைக் கடக்க அரை மணி ஆயிற்று. எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

குளியலறை வாசலில் நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கை நன்னா இருக்கு. யார்கிட்ட கத்துண்டேள்?"

முப்பத்தெட்டு வருஷம் என்னை 'நீ' என்றும் 'ஏய்' என்றும் கூப்பிட்ட வாய்.

"கல்யாணராமன் சார்கிட்ட."

யோசித்தார். இடக்கையை என் தோளில் வைத்தார். "அவர் இதைச் சொல்லித் தரலையா? தோளை இறக்குங்கோ. ரொம்ப நாளா எதையோ தூக்கிண்டே நிக்கறேள் போலிருக்கே."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும்தான். இதைக் கேட்க இவருக்கு நான் யாரோ ஆக வேண்டியிருந்தது! ஆனால் தோள் என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கிவிட்டது.

"இறக்கிட்டேன் சார்" என்றேன். "உள்ள வாங்கோ, தண்ணி ஆறிடும்."

சட்டைப் பொத்தானை அவரே கழற்ற ஆரம்பித்தார்.