மறுபக்கம் நாளைக்கு

இடது கணுக்கால் எலும்பு முறிந்து தகடு வைத்த மூன்றாம் மாதம் நேர்முகத் தேர்வு வந்து நின்றது. அமராவதிபுதூர்ப் பள்ளியில் ஒன்பது வருடமாக நான் தற்காலிக யோகா டீச்சர். இந்தத் தடவை நிரந்தரம் ஆகாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் ஆரோக்கிய பிரபு, கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறார். அடுப்பு எரிவது என் சம்பளத்தில்.

பிள்ளைகளோடு சேர்ந்து, பள்ளி குறித்துக் கொடுத்த ஓர் ஆசனம் செய்து காட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று, மறு முழங்காலைத் தூக்கி எதிர்க்கையால் பிடித்து, இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற ஆசனம். இடது காலில் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். இப்போது அந்தக் காலில்தான் தகடு. வலது காலில் நேராகப் பார்க்கும்வரை நிற்கிறேன், திரும்பினால் விழுகிறேன்.

எல்லாம் என் சோம்பேறித்தனம். எதிரே நின்று சொல்லிக் கொடுக்கிறவள் கண்ணாடி மாதிரி மாற்றிச் செய்ய வேண்டும். "கண்ணாடி" என்று நான் சொன்னால் பிள்ளைகள் வலது காலில் நிற்பார்கள், நான் இடது காலில் நிற்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். மறுபக்கம் நாளைக்கு என்பேன். மறுநாளும் முதலிலிருந்துதான் தொடங்குவோம்.

பதினொரு நாள் விடிகாலையில் மொட்டை மாடியில் விழுந்து விழுந்து எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். தேர்வுக்குச் சுவரையும் கூட்டிக்கொண்டா போக முடியும் என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் பயத்தில் அழுதேன். ஒரே ஒரு தடவை என்னை நிற்க வைத்துவிடு என்று மாதாவிடம் கெஞ்சினேன்.

தேர்வன்று என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் எதிரே ஜமுக்காளத்தில் நின்றார்கள். தாளாளர் ஃபாதர் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கண்ணாடி" என்றேன். வலது காலை ஊன்றித் திரும்பினேன். பின்சுவரில் மாதா படம். அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன். கால் நடுங்கியது, விழவில்லை. ஐந்து, ஆறு. நன்றி தாயே என்று எனக்குள் அழுதேன்.

ஏழு எண்ணும்போது பிள்ளைகள் பக்கம் தொப்பென்று சத்தம். பிறகு இன்னொன்று. பத்து முடித்து முகத்தைத் திருப்பினால், அத்தனை பேரும் ஜமுக்காளத்தில் கிடந்தார்கள். என்னைப் பார்த்து அவர்கள் இடது காலை ஊன்றியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் பழக்காத கால். பாவி, என் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் சொல்லிக் குடுக்கவே இல்லையா, டீச்சர்?" என்றார் ஃபாதர்.

அதற்குள் முன்வரிசைப் பொன்னழகு எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"இல்ல ஃபாதர். மறுபக்கம் நாளைக்குன்னு டீச்சர் தெனமும் சொல்லுவாக."

எனக்கு உதவி செய்வதாகத்தான் அந்தப் பிள்ளை நினைத்தது.