சட்டை கட்டாத கோபுரம்

கூரை ஏறுகிற அன்று கொத்தனாருக்கு ஒரு புதுச் சட்டையை உச்சியில் கட்டித் தொங்கவிடாத வீடு நிலைக்காது. அவாலா மலையடியில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். கோழிக்கூடு கட்டினாலும் ஒரு துண்டாவது கட்டுவார்கள். நாட்டுக்கே பெருமை என்று மலைமேல் எழுப்பிய தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு மட்டும் ஒரு கைக்குட்டைகூடக் கிடைக்கவில்லை.

"இது அரசாங்கக் கோபுரம் தோழர்களே, ஆட்டுக்கொட்டகை இல்ல" என்று எவனோ ஒரு அதிகாரி சொன்னானாம். உச்சியில் கான்கிரீட் போட்ட கொத்தனார் லுபிசாவ் வெறுங்கையோடு இறங்கி வந்தார். பல வருஷம் கழித்துப் போர்விமானம் வந்து அந்தக் கோபுரத்தை மூன்று காலோடும் சாய்த்தபோது ஊரே விமானத்தைச் சபித்தது.

அவர் மட்டும், "விமானம் ஒரு சாக்குடி கொசானா. அன்னிக்கே சட்டை கட்டலியே!" என்றார்.

"ஆமா, உன் சட்டையப் பாத்துட்டுக் குண்டு திரும்பிப் போயிருக்கும். போய்யா" என்றாள் அவர் மனைவி கொசானா.

சொன்னாளே ஒழிய, ஊர் உலகமெல்லாம் நன்கொடை கொடுத்து அதே இடத்தில் கோபுரம் மறுபடி எழும்பியபோது, வெள்ளைத் துணி எடுத்துச் சட்டை தைத்தவளும் அவள்தான். லுபிசாவ் அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தார். நுரையீரல் போய்விட்டது. இவர்கள் மகன் வேலிமிர் அந்த வேலையில் பொறியாளர். கிழவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

"டேய், உச்சி முடியிற அன்னிக்கு இதைக் கட்டிருடா. இந்தத் தடவையாவது நிக்கட்டும். எனக்கு வேற ஆசையே இல்ல" என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டாம விடுவேனாப்பா!"

உச்சி முடிந்த அன்று சாயங்காலம் வேலிமிர் வந்தான். "ஆகக் கடைசிக் கம்பியில கட்டிருக்கேம்ப்பா. காத்துல படபடன்னு அடிக்குது."

மறுநாள் அவரை ஜன்னலோர நாற்காலியில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்காரவைத்து, பைனாகுலரை அவள்தான் பிடித்தாள். உச்சியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. "அதோடி! அதோ என் சட்டை!" என்று கிழவர் விக்கி விக்கி அழுதார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களை ஒருத்தர் விடாமல் ஜன்னலுக்கு இழுத்துக் காட்டினார். அடுத்த வீட்டு மிலுங்கா பிளம் சாராயம் கொண்டுவந்து ஊற்றிக் கொண்டாடினாள். அந்தச் சந்தோஷத்திலேயே கிழவர் பத்து நாளில் கண்ணை மூடிவிட்டார்.

அடக்கத்தன்று சாராயப் பெட்டியை எடுக்க மகனுடைய காரின் பின்பக்கத்தைத் திறந்த கொசானா, ஜாக்கியைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். காலரில் அவள் போட்ட தையல். நெஞ்சுப்பக்கம் முழுக்கக் கருப்பாய் எண்ணெய்க் கறை.

"என்னடா இது?"

வேலிமிர் அக்கம்பக்கம் பார்த்தான். "அம்மா, மெதுவா பேசு. அன்னிக்கு டிவிக்காரங்க, வெளிநாட்டு ஆளுங்க எல்லாம் நின்னாங்க. அவங்க முன்னாடி சட்டையக் கட்டி, பட்டிக்காட்டான்னு பேர் வாங்கச் சொல்றியா? அப்பறம் வழியில டயர் பஞ்சர். கையில கெடைச்சதை எடுத்துத் தொடைச்சேன்."

"அப்போ மேல ஆடினது?"

"பிளாஸ்டிக் தாள். சாரத்துல கிழிஞ்சு தொங்குச்சு. விடும்மா, அப்பா நிம்மதியாத்தானே போனாரு."

பிளாஸ்டிக் தாளைப் பார்த்தா என் புருஷன் அழுதான்! அடக்கத்துக்கு வழங்குகிற வேகவைத்த கோதுமையோடு ஊர் காத்துக்கொண்டிருந்ததால், சட்டையை உருவிச் சுருட்டிக்கொண்டு கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் திறப்பு விழா. அம்மாவைக் கூட்டிப்போக வேலிமிர் புது கோட்டோடு வந்து நின்றான். கட்டிலில் அந்தச் சட்டை, இஸ்திரி போட்டு, கறையோடு.

"நான் வரல. நீ இதைப் போட்டுக்கிட்டு மேல ஏறு."

"அம்மா, வெளையாடாதே. ஊரே பாக்கும்!"

"பாக்கட்டுமே. குடுத்த வாக்கு உங்கப்பனோட மண்ணுக்குள்ள போயிருச்சுன்னு நெனச்சியா? போடு. இல்லேன்னா, எந்தத் துணியில டயர் தொடைச்சேன்னு நானே மலையேறி வந்து சொல்றேன்."

சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

மத்தியானம் மிலுங்காவும் அவளும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பளிச்சென்ற வெயில். மேல்தளத்தில் எல்லோரும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். வேலிமிர் மட்டும் கழுத்துவரை கோட்டுப் பொத்தானைப் பூட்டி, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வேர்த்து வழிந்தான்.

"ஏக்கா, உன் மவனுக்கு ஒடம்பு சரியில்லியா? பாரேன், நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"அவனுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் கொசானா. "அவங்கப்பன் சட்டை மேல ஏறியிருக்கு."

திரும்பி ஜன்னலோரத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள். பைனாகுலர் இன்னும் அதில்தான் கிடந்தது.