மவுத் என்று எழுதிய டேப்

ராயபுரத்தில் காஜா மொய்தீன் பாயின் கடையில் வீடியோ பெட்டி கட்டுவது என் வேலை. நிக்காஹ், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கேமரா, மானிட்டர், வயர் எல்லாம் ஒரே பெட்டியில் போய் அதே பெட்டியில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுவேன். அடாப்டர்களை வெல்க்ரோ பட்டி போட்டு ஆடாமல் இறுக்குவேன். மூடியின் உள்பக்கம் இரண்டு வெள்ளை டேப். ஒன்றில் 'கொண்டு போவது' என்று போகிறவன் பெயர். இன்னொன்றில் 'கட்டியது செங்கொடி'. என் பெயர் ஒட்டிய பெட்டியில் ஒரு வயர் குறைந்தது என்று இதுவரை எவனும் வந்து நின்றதில்லை.

கெட்டுப்போன அடாப்டருக்கு மட்டும் சிவப்பு டேப். அதில் 'மவுத்' என்று எழுதி மூலையில் இருக்கிற டப்பாவில் போட வேண்டும். பாய் வீட்டில் யாராவது இறந்தால் மவுத் ஆகிவிட்டார் என்பார்கள். அந்தச் சொல்லே கடையில் அடாப்டருக்கும் வந்துவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. பிறகு நானே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

போன மாதம் கேமரா ஓட்டுகிற நெல்சனின் பெட்டியைத் திறந்தபோது ஒரு அடாப்டரில் மவுத் டேப் இருந்தது. என் கையெழுத்து. கடைசிப் புள்ளியை நான் சின்ன வட்டமாகச் சுழிப்பேன், அதுவும் அப்படியே. ஆனால் நான் எழுதவில்லை. செருகிப் பார்த்தேன், பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. நெல்சன்தான் விளையாடுகிறான் என்று எனக்குக் கோபம். டேப்பை உரித்து அவன் சட்டை முதுகில் ஒட்டி, இது உனக்குத்தான் என்று அனுப்பினேன். சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி. மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி வந்துவிட்டது.

டேப்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

இன்று காலை என் தம்பி அறிவின் பெட்டி. நெட்டுக்குப்பத்தில் கபடிப் போட்டி, நேரலை. மானிட்டர் அடாப்டரின் பட்டியைக் கழற்றினேன். அடியில் சிவப்பு டேப். மவுத். கடைசியில் சின்ன வட்டம்.

செருகினேன், பச்சை எரிந்தது. உயிரோடு இருக்கிற அடாப்டரில் ஒட்டியதால்தான் அந்தச் சொல் வேறு ஆளைத் தேடிப் போனது என்று பட்டது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் அதைப் பிடுங்கி, கட்டிங் பிளேயரால் வயரை நறுக்கென்று வெட்டினேன். இப்போது டேப் சொல்வது உண்மை. டேப்போடு அதை மவுத் டப்பாவில் போட்டுவிட்டு, பெட்டியில் இருந்த ஒரே ஸ்பேரை அந்த இடத்தில் கட்டினேன். போகாதே என்று அறிவிடமும் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவன்?

அதற்குப் பிறகு ஒரு வயரைக்கூட ஒழுங்காகச் சுருட்டவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். ஐந்து மணிக்குப் பெட்டியோடு வந்து நின்றான், முழுசாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க நாலு திட்டு திட்டினேன்.

அவன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து ஒரு அடாப்டரைச் செருகிக் காட்டினான். பச்சை எரிந்தது. வயரின் நடுவே கருப்பு டேப் சுற்றிய ஒட்டு.

"பொட்டில ஸ்பேரு இல்லன்னு மவுத் டப்பாலேந்து எட்துகினு போனேங்கா. வயரு மட்டுந்தான் கட்டாயிகினு இருந்துச்சு. சால்ட்ரிங் வச்சேன், உசுரு வந்துச்சு பாரு."

"அதுல இருந்த டேப்பு இன்னா ஆச்சு?"

"உரிச்சேன். எங்க போட்டேன்னு தெர்லக்கா."

அவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். சட்டை முதுகில், நெல்சனுக்கு நான் ஒட்டிய அதே இடத்தில், இருந்தது.

இனி அடாப்டரை வெட்டிப் பயனில்லை. உரித்தேன், என் விரலோடு வந்தது. கீழே போட மனம் வரவில்லை. யார் செருப்பில் ஏறி எங்கே போகுமோ. அறிவு எதையும் கவனிக்காமல் வெளியே போய் பைக்கைக் கிளப்பினான்.

பெட்டி மூடியைப் பார்த்தேன். கொண்டு போவது அறிவு. கட்டியது செங்கொடி. நெல்சன் முதுகில் ஒட்டிய கை என் கைதான். டேப்பை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, ஓரம் தூக்காதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். மனசு லேசாகிவிட்டது.

"இன்னாக்கா பண்ற, பின்னாடி குந்து, வூட்டுக்குப் போலாம்" என்றான் அறிவு.

"நீ முன்னால போ" என்றேன். "நான் பஸ்ல வர்றேன்."