எண் அழிந்த அகராதி

ஆங்கில அகராதியின் கையெழுத்துப் பிரதியில், சில சொற்களின் தலைமேல் பென்சிலால் போட்டிருந்த பொடி எண்களை ஈ எச்சம் என்று நினைத்து ரப்பரால் துடைத்தவன் நான்தான். மூன்று நாள் வேலை. சுத்தக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரே எழுத்துக்கூட்டல், ஆனால் ஒட்டோ உறவோ இல்லாத பொருள்கள். அவற்றைத் தனித்தனி வீட்டில் குடிவைத்திருந்தது அந்த எண்கள்தான் என்பது, பிழைதிருத்திச் சம்பளம் வாங்கும் எனக்கே தெரியாது.

புத்தகம் வெளியான வாரமே பொருள்கள் ஒரே வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. கடையில் கிரிக்கெட் பேட் வாங்கினால் கைப்பிடியில் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கியது. வௌவால் இல்லாததற்கு விலை கூட. பேங்க் வாசல்படி ஒரு காலையில் ஆற்றங்கரை ஆகியிருந்தது. குமாஸ்தாக்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். எங்கள் அச்சகத்தில் உறைக்குச் சீல் வைத்தபோது, மேஜைமேல் கடல்நாய் ஒன்று ஈரமாக உட்கார்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அதற்கும் அதே பெயராம்.

ஊர் ஆளைத் தேடியது. பால்காரர் பள்ளி ஆசிரியரைச் சந்தேகித்தார், ஆசிரியர் தபால்காரரை. நான் என்னைப் பார்த்துச் சிரித்த எல்லோரையும். "யாராவது என்னப் பத்திக் கேட்டாங்களா?" என்று மனைவியிடம் விசாரித்தேன். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையால்ல இருக்கு!" என்றாள்.

முதலாளியின் சந்தேகம் மட்டும் எழுத்துக் கோக்கும் அக்காமேல் விழுந்தது. எண்களைக் கோக்காமல் விட்டது அவர்தானாம். சனிக்கிழமையோடு வேலை கிடையாது. அக்கா மறுக்காமல் தன் எழுத்துப் பெட்டியை ஒழுங்குபண்ணி வைக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை காலை முதலாளி அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அக்காவுக்கு எழுதிவைத்திருந்த நீக்கக் கடிதத்தைக் கடல்நாயிடம் நீட்டினார். அது நிதானமாக மென்றது. "அப்ப என் வேலை?" என்றேன். "பார்க்கலாம்" என்றார். ஊரில் ஒருத்தரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

அக்காவிடம் போனேன். "உங்களுக்கு என்மேல சந்தேகமே வரலையாக்கா?"

"சந்தேகம் என்னடா சந்தேகம்? தாள் பூரா உன் ரப்பர் தூளு. மொத நாளே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் பார்த்திருப்பேன். சரி, தள்ளி நில்லு, அது போகணும்."

தள்ளி நின்றேன். கடல்நாய் எங்கள் நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று.