வெள்ளை முடிச்சு

மறியல் தொடங்கி பஸ் நின்றுபோன புரட்டாசியில், உளுந்து வெளுத்துப்போகிறது என்று வடக்கனந்தலுக்கு மேற்கேயிருந்து சின்னப்பொண்ணு சொல்லியனுப்பினாள். வேளாண்மைத் துறையில் களப்பணியாளராக இருந்த தைரியநாதன் சைக்கிளில் கிளம்பினார். ஆவணியில் அந்த மலையடிவார ஊர்களுக்கெல்லாம் விதையில் கலக்கும் நுண்ணுயிர்ப் பொட்டலம் கொடுத்தவர் அவர்தான். அவரை நம்பி முதலில் கை நீட்டியவள் சின்னப்பொண்ணு.

இட ஒதுக்கீடு கேட்டு வழியெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கடைசி மரத்தின் மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தான் அவள் மகன் இளஞ்செழியன்.

"அக்ரி சாருப்பா, வுடுங்க." அவனே இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். "நம்ம கொல்லைக்குதான போறீங்க? நல்லா பாத்து சொல்லுங்க சார். அம்மா சரியா சோறே துன்றதில்ல."

கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. அதன் கீழே உளுந்துக் கொல்லை முழுக்க மஞ்சளாக வெளுத்திருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு துண்டு கரும்பச்சையாக நின்றது.

"அந்த மூலைக்கு இன்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலைங்க. வெதையில தடவ பொட்டலம் கரைச்ச கஞ்சி தீந்துபோச்சி. வெறும் வெதையத்தான் வெதச்சேன்."

தைரியநாதன் மஞ்சள் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து வேரை வாய்க்காலில் அலசினார். வேரெல்லாம் முடிச்சு. நகத்தால் ஒன்றைப் பிளந்தார். வெள்ளை. இன்னொன்றும் வெள்ளை. பச்சைச் செடியின் முடிச்சைப் பிளந்தபோது உள்ளே ரத்தம்போலச் சிவந்திருந்தது. அதுதான் வேலை செய்கிற முடிச்சு.

பொட்டலம் கொடுத்த அன்று ஊர்க்கூட்டத்தில் அவர்தான் விளக்கினார். உளுந்தின் வேர் மண்ணுக்குள் ஒரு பொருளைக் கசியவிட்டு நுண்ணுயிரைக் கூப்பிடும். நுண்ணுயிர் தன் பொருளைச் சுரந்து பதில் கொடுக்கும். பதில் பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடும். முடிச்சு கட்டி, சர்க்கரை கொடுத்து வளர்க்கும். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். பதிலை மட்டும் சரியாகச் சொல்லி உள்ளே புகுந்துகொண்டு, வேலையே செய்யாத நுண்ணுயிரும் உண்டு. அதை அன்று அவர் சொல்லவில்லை. மண்ணில் இருந்த நல்ல நுண்ணுயிரை முந்திக்கொண்டு, இப்போது வேர் முழுக்க அதுதான் குடியேறியிருந்தது.

"உள்ள குந்திகினு சும்மா துன்னுகினு இருக்குதும்மா. பொட்டலமே கெட்டது."

"நாமதான கூப்ட்டு வூட்டுக்குள்ள வுட்டோம்" என்றாள் சின்னப்பொண்ணு. ரோட்டுப் பக்கம் பார்த்தாள். "எம்புள்ளகிட்ட இன்னிக்கி சொல்லாதீங்க சார். அங்க நிக்கிற அத்தினி பேரும் இதத்தான் வெதச்சிக்கிறானுங்க."

அவரும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் செடி இன்னும் பூ வைக்கவில்லை. இந்த வாரமே யூரியா போட்டால் பாதியாவது தேறும். யூரியா இருந்தது கள்ளக்குறிச்சிக் கிடங்கில். வழியெல்லாம் மரம். அந்த மரத்தை நகர்த்தக்கூடியவர்கள் மறியல்காரர்கள் மட்டும்தான்.

வெள்ளை முடிச்சு வேரோடு போய் இளஞ்செழியன் இருந்த மரத்தருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

இளஞ்செழியன் வேரை வாங்கித் தானே ஒரு முடிச்சைப் பிளந்து பார்த்தான். பிறகு இரண்டு பேரைச் சைக்கிளில் அனுப்பினான். "ஊர் ஊரா சொல்லு. செடியப் புடுங்கிப் பாக்கச் சொல்லு. யாரு குடுத்ததுன்னும் சொல்லு."

"தம்பி, யூரியா..."

"ஒரு வண்டிக்கு வழி வுடறோம். நீ போய் கொண்டா." காலையில் 'நீங்க' என்று பேசியவன் அவன். "சைக்கிள் இங்கியே கெடக்கட்டும்."

"கெடங்கு தொறக்கலன்னா?"

அவன் கோடாலியைக் கையில் மாற்றிக்கொண்டான்.

தைரியநாதன் கள்ளக்குறிச்சியை நோக்கி நடந்தார். பின்னால் சின்னப்பொண்ணு மகனிடம் ஏதோ கெஞ்சும் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தூறல் பிடித்துக்கொண்டது.

அடுத்து சாய்ந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் முன்பின் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் கையிலும் வேரோடு பிடுங்கிய மஞ்சள் செடி இருந்தது. அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"தைரியநாதன் நீதான?" என்றான் ஒருவன்.