வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு

நிரூபா தன் புட்டுப் பானையை அப்பா வீட்டு அடுப்பின் முன்பக்கம் வைத்துவிட்டு, அண்ணன் கொண்டுவந்த நண்டுக்கறிச் சட்டியை அகப்பைக் காம்பால் பின்னுக்குத் தள்ளினாள். கையால் தொடமாட்டாள். சின்ன வயதிலிருந்தே நண்டு அவளுக்கு ஆகாது. ஒரு வாய் தின்றால் உதடு வீங்கிவிடும், உடம்பெல்லாம் கடித்துச் சொறிய வைக்கும்.

"அதை ஏன் தள்ளுறாய்? இலையிலை முதல் வைக்கவேண்டியதே அதுதான்," என்றான் கிருபன்.

"அப்பாவுக்கு விருப்பம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அண்ணா."

"ரெண்டு பேரும் பேசாமல் இருங்கோ. என்ரை கூழ் ஆறுது," என்றாள் கடைக்குட்டி பிரதீபா. அவள் கூழ்ப் பானையைக் காரின் பேபி சீட்டில் வைத்து பெல்ற் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

இன்றைக்கு அவர்களின் அப்பா இரத்தினவேலுக்கு எட்டு, செத்த எட்டாம் நாள் படையல். செத்தவருக்கு உயிரோடு இருக்கையில் எது பிடித்ததோ அதைச் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. நம்புகிறாயா என்று நிரூபாவை யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசி ஒரு நாள் முழுக்க வாயில் குழாயோடு கிடந்து, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் போனதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தவள். இன்றைக்கு அந்த மனிதர் தனக்குப் பிடித்ததை வயிறாரச் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

மூன்று பேரும் நல்லாய்ப் படித்து, நல்ல வேலையில் இருக்கிறவர்கள். ஆனால் சட்டி பானை என்று வந்துவிட்டால் பால்குடி மறவாத பிள்ளைகள் மாதிரித்தான்.

"நான் சும்மா சொல்லேல்லை," என்றான் கிருபன். "அவரே சொன்னவர். வேலை முடிஞ்சு யூனியன்வில் வீட்டுக்கு ட்ரைவ் பண்ணேக்க ஒவ்வொரு நாளும் அவருக்கு ஃபோன் எடுக்கிறனான். இரவுக்கு என்னப்பா எண்டு கேட்டன். நண்டு காய்ச்சினனான், முருங்கையிலை போட்டு, எண்டார்."

"எப்ப?"

"நெஞ்சுநோ வாறதுக்கு முதல் நாள். வியாழக்கிழமை."

நிரூபா அகப்பையைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை எனக்குப் புட்டு எண்டெல்லோ சொன்னவர். வீட்டை போற அஜக்ஸ் ட்ரெயினுக்குள்ள இருந்து கதைச்சனான். தேங்காய்ப்பூ கூடப் போட்டு அவிச்சது, கத்தரிக்காயைப் பொரிச்சுக் குழம்பு வைச்சது எண்டு முழுக்கச் சொன்னார். எனக்கு வாயூறி, போன உடனை நானும் அவிச்சனான்."

பிரதீபாவின் முகம் மாறிவிட்டது. "எனக்குக் கூழ் எண்டவர்," என்றாள் மெல்ல. "பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டதாம். அதே வியாழக்கிழமை."

ஒரு மனிதர், ஒரு இரவு, மூன்று சாப்பாடு. அப்பா என்ன பூதமா? ஹோலில் சோபாவில் இருந்தபடி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த யோகராணி மாமிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் இரத்தினவேலின் தமக்கை. தம்பி போன நாளிலிருந்து அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நண்டுக்கு நிலத்திலை உருண்டு அழுதது ஆர்? உவன் கிருபன். புட்டுக்காகப் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டது நிரூபா. கூழெண்டால் சின்னவள் சட்டியை வழிச்சு நக்குவாள். தம்பி சொன்னது தன்ரை சாப்பாட்டை இல்லை. உங்கடை சாப்பாட்டை."

கிருபன் நண்டுச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினான்.

நிரூபாவுக்கு அந்தத் தொலைபேசிக் கதைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எத்தனை குளிர்காலம், எத்தனை ட்ரெயின் பயணம். வெங்காயம் எந்தப் பதத்தில் வதங்க வேண்டும், மாவை ஏன் கொதிநீரில் குழைக்க வேண்டும், எல்லாவற்றையும் இப்போதுதான் சமைத்து இறக்கியவர் போலச் சொல்லுவார். கடைசியில், "அப்ப நீயும் போய்ச் செய்து சாப்பிடு பிள்ளை" என்பார். அவளும் போய்ச் செய்வாள். தூரத்திலிருந்துகொண்டு இந்த மனிதர் ஒவ்வொரு இரவும் தனக்குச் சோறு போட்டிருக்கிறார். கள்ள மனிதர்.

"அப்ப அவர் என்னதான் சாப்பிட்டவர்?" என்றாள்.

புட்டுக்குழல் மேல்தட்டில், சுற்றின பேப்பர் கலையாமல் கிடந்தது. நண்டு காய்ச்சுகிற பெரிய சட்டியை அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு யாரோ கொண்டுபோயிருந்தார்கள். குளிர்பெட்டியை நிரூபாவே போன கிழமை துடைத்துவிட்டாள். அதற்குள் என்ன இருந்தது? அரைப்போத்தல் ஒலிவ் எண்ணெய், ஒரு கட்டுப் பச்சை இலை, கல்லுப்போல இறுகின ஒரு மஞ்சள் சீஸ் கட்டி. அது பழுதாய்ப் போய்விட்டது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் போட்டாள்.

அந்த நேரம் பக்கத்து அப்பார்ட்மென்ற் அகஸ்ரின் அங்கிள் இரண்டு மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவோடு டவுன்ரவுன் இத்தாலியன் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்த அன்றைக்கு அம்புலன்சைக் கூப்பிட்டதும் அவர்தான்.

"அங்கிள், அப்பா இரவிலை என்ன சாப்பிடுறவர்?"

அகஸ்ரின் கதிரைகளை விரித்து வைத்தார். அவசரப்படவில்லை. "ஸ்பகெற்றி," என்றார்.

"என்ன?"

"ஸ்பகெற்றி பிள்ளை. உள்ளி, ஒலிவ் எண்ணெய், செத்தல் மிளகாய். மேலை கொஞ்சம் சீஸ் துருவிறது. நானும் இரத்தினவேல் அண்ணையும்தான் இருந்து சாப்பிடுறது. கடையிலை ஆருக்கோ எல்லாம் அவிச்சுக் குடுத்தனான், இப்பதான் எனக்கு அவிக்கிறன் எண்டு சொல்லிச் சிரிப்பார்."

"அப்பாவுக்கு உது கண்ணிலையும் காட்டேலாதே," என்றான் கிருபன்.

அப்படித்தான் மூன்று பேரும் நினைத்திருந்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கண்டுவிட்டு வந்து நிரூபா ஸ்பகெற்றி கேட்டபோது, "அது வேலை. வீட்டிலை சோறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வேலை முடிந்து வருகிற மனிதரின் சேர்ட்டை அம்மா வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள். உள்ளிப்பூண்டும் சீஸும் மணந்தால் அவளுக்குக் குமட்டும்.

"அம்மாவுக்குப் பயந்து அப்ப சாப்பிடேல்லை," என்றார் அகஸ்ரின். "உங்களுக்குப் பயந்து இப்ப சொல்லேல்லை."

"எங்களுக்கோ?"

"சொன்னால் என்ன செய்திருப்பியள்? ஐயோ அப்பா பாஸ்ரா அவிச்சுத் தின்னுறார், சமைக்க ஏலாமல் போச்சு எண்டு மூண்டு பேரும் சட்டியோட ஓடி வந்திருப்பியள். பிறகு ஆராவது ஓராள் அவரை உங்கடை வீட்டுக்கு ஏத்திக்கொண்டும் போயிருப்பியள். அண்ணைக்கு இந்த வீடும் அந்த அடுப்பும் வேணும்."

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அது சரிதான், அவள் அப்பாவுக்கென்று தன் வீட்டு அடித்தளத்து அறைக்குப் பெயின்றும் அடித்து வைத்திருந்தாள்.

நிரூபா ஜக்கற்றை எடுத்தாள்.

"எங்கை போறாய்?" என்றாள் மாமி.

"பிளாசாவுக்கு. ஸ்பகெற்றி வாங்கப் போறன்."

"விசரோ உனக்கு? எட்டுக்கு உதைப் படைக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"அவருக்கு விருப்பமானதுதானே மாமி படைக்க வேணும்?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிரூபா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவள் சமைத்தாள், அகஸ்ரின் குசினி வாசலில் நின்று பார்த்தார். உள்ளியை இடிக்கப் போனவளைத் தடுத்து, மெல்லிசாகச் சீவச் சொன்னார். எண்ணெய் சூடாக முதலே உள்ளி விழ வேண்டும். சிவக்க விட்டால் கைக்கும். அவித்த தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைக்க வேண்டும், அதை ஊற்றினதும் எல்லாம் ஒன்றாகிவிடும். "அண்ணை எண்டால் இந்த இடத்திலை சட்டியை ஒரு சுண்டு சுண்டுவார்," என்று கையால் காட்டினார். நிரூபாவும் சுண்டினாள். பாதி அடுப்பில் விழுந்தது. கிருபன் வந்து, விழுந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். இன்னொன்றையும் எடுத்தான்.

பொழுது சாயப் படைத்தார்கள். தமிழ்க்கடை உறைபெட்டியிலிருந்து வந்த வாழையிலை இன்னும் சில்லென்றிருந்தது. கிருபனின் நண்டு ஒரு ஓரம், புட்டு ஒரு ஓரம், சிரட்டையில் கூழ். நடுவில் ஸ்பகெற்றி. எண்ணெயும் தானுமாக வழுக்கி வழுக்கி இலையின் விளிம்புக்கே போனது. நிரூபா இரண்டு தரம் அதை நடுவுக்கு இழுத்துவிட்டாள். படத்தில் அப்பா, கொப்பியடித்துப் பிடிபட்ட பொடியன் மாதிரி அரைச்சிரிப்போடு இருந்தார்.

கிருபன் கற்பூரம் கொளுத்தினான். எல்லோரும் கும்பிட்டார்கள். எழும்பப் போகையில் மாமி, "கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள்.

திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தார்கள்.

"முள்ளுக்கரண்டி ஒண்டு கொண்டுவந்து வை பிள்ளை. உதை அவன் கையாலை எப்பிடி அள்ளுறது?"

நிரூபா குசினிக்கு ஓடினாள். இழுப்பறையில் அப்பா பாவிக்கிற முள்ளுக்கரண்டி எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, பிடி தேய்ந்துபோன ஒன்றைக் கொண்டுவந்து இலையின் வலப்பக்கம் வைத்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கொரிடோரின் இரண்டு பக்கமும் மூடின கதவுகள். மாமியை மடக்குக் கதிரையில் இருத்திவிட்டு மற்றவர்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். லிஃப்டிலிருந்து இறங்கிவந்த ஒரு சீனக் கிழவர் மூக்கை உறிஞ்சி, தலையாட்டிவிட்டுப் போனார். கதவின் கீழ்ச் சந்தால் உள்ளி மணம் வந்துகொண்டிருந்தது.

இது அப்பாவுக்கு ஃபோன் எடுக்கிற நேரம். கிருபனின் கை பொக்கற்றுக்குள் போய் ஃபோனை எடுத்தது. பார்த்தான். எடுப்பதற்கு ஆளில்லை. அவனும் நிரூபாவும் ஃபோனில் கதைத்து எவ்வளவு காலம்? எல்லாச் செய்தியும் அப்பாவுக்குள்ளால்தான் போய்வரும். ஃபோனைத் திரும்பப் பொக்கற்றில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"நாளைக்கு இரவுக்கு உங்கடை வீட்டிலை என்ன?"

நிரூபா சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நண்டு," என்றாள்.

கிருபன் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான்.

"முருங்கையிலை போட்டோ?"

"ஓம் அண்ணா. முருங்கையிலை போட்டு."