நாற்பது பொட்டலங்கள்

டாக்டர் ஞானதாஸ் ஒரு மருந்து கண்டுபிடித்தார். அது வேலை செய்தது என்பது இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் சொல்லும் மற்ற எதையும்கூட யாரும் நம்புவதில்லை.

1948இல், சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே அவர் அந்தப் பொடியைத் தயாரிக்க ஆரம்பித்தார். நோயால் மரத்துப்போன தோலில் மறுபடி உணர்ச்சியைக் கொண்டுவரும் மருந்து. முதலில் எலிகளுக்குக் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு எலிகள் செத்தன. நூற்றுப் பதின்மூன்றாவது சாகவில்லை. அது தினமும் டாக்டர் பின்னாலேயே நூலகம் வரை போய், அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, கூடவே திரும்பிவந்து தானாகக் கூண்டுக்குள் ஏறிக்கொள்ளும் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் பொய் சொல்லமாட்டார். ஆகவே இதை நானே சொல்லியிருக்கவும் கூடும்.

எலிக்குப் பிறகு முயல். முயலுக்குப் பிறகு டாக்டரே. மூன்று மாதம் தானே தின்று பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிறுநீர் மட்டும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் போனது. வியர்வையிலும் அந்த நிறம் இறங்கிச் சட்டைக் காலர் சாயமேறிவிட்டது. எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. பின்னாளில் சின்னாளப்பட்டியிலிருந்து வந்த, சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடும் ஒருவர் அந்தக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, மருந்து இருக்கட்டும், இந்தச் சாயம் படி என்ன விலை என்று கேட்டார். டாக்டர் அவருக்கு ஒரு மணி நேரம் ரசாயனம் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்தது மனிதர்கள். அதற்குத்தான் 1960 ஏப்ரலில் திண்டுக்கல் வந்தார். பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளில், கையிலும் காலிலும் மரத்த தேமல் உள்ள ஆட்கள் நாற்பது பேர் கிடைத்தார்கள். அந்த நோயின் பெயரை ஷாப்பில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். டாக்டரும் மரத்த தேமல் என்றே சொன்னார். முடி நீங்குவதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் கைவிட்டு வேலை பார்ப்பவர்கள் அவர்கள். சுண்ணாம்பு கையைத் தின்னும். மரத்த கைக்கு அது தெரியாது. சாயந்தரம் கழுவும்போதுதான் விரலில் குழி விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். என் மனைவி ஷரீஃபாவின் அண்ணன் மைதீன் பிச்சை அவர்களில் ஒருவர். இடது கை, முழங்கை வரை.

எனக்குக் கணக்காக எண்ணவும் எழுதவும் தெரியும் என்பதால் டாக்டர் என்னை வேலைக்கு வைத்தார். ஒவ்வொரு வெள்ளியும் காலையில் நாற்பது பொட்டலம் கட்டவேண்டும், பொட்டலத்துக்குப் பதினான்கு மாத்திரை. பிறகு ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, தேமல் மேல் கோழியிறகால் வருடி, தெரிகிறதா என்று கேட்டு எழுதவேண்டும். வாரம் ஒரு புது இறகு. கோழி ஒன்றுதான். ஒன்பதாவது மாதம் அது வெள்ளிக்கிழமை என்று தெரிந்து தானாகவே வந்து திரும்பி நிற்கும்.

மாத்திரையில் ஒரு விஷயம் இருந்தது. அரசாங்கம் கொடுக்கும் பழைய மாத்திரையை நாற்பது பேரும் எப்போதும்போலத் தின்பார்கள். அதற்கு மேலே இருபது பேருக்கு டாக்டரின் புது மருந்து. மற்ற இருபது பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில் வெறும் சுண்ணாம்புச்சத்து. யாருக்கு எது என்று, மருந்தை அங்கீகரிக்கும் கமிட்டிக்காரர்கள் சென்னையிலேயே குலுக்கல் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை இட்டுவிட்டார்கள். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்பது மாதம் கழித்துக் கமிட்டி வந்து உறையைத் திறக்கும். மருந்து தின்ற இருபதில் குணம் கண்டவர்கள், சுண்ணாம்பு தின்ற இருபதைவிட எட்டு பேராவது கூடுதலாக இருந்தால் மருந்து கம்பெனிக்குப் போகும். இல்லாவிட்டால் பன்னிரண்டு வருஷமும் அலமாரிக்குள் போகும். டாக்டர் இதையெல்லாம் முதல் நாளே நாற்பது பேரையும் உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். மறைத்துச் செய்வது பாவம் என்பார். அவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். ஐயா, நாங்க நாளெல்லாம் சுண்ணாம்புலதான நிக்கிறோம், திங்கவும் அதேயா என்று அவர்களில் பொம்மையன் என்பவர் மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

டாக்டர் மகா புத்திசாலி. ஆனால் அவர் படித்த ஊர்களில் எல்லாம் ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகச் சிறுநீர் கழிப்பார்கள் போலிருக்கிறது. ஷாப்பில் அதற்கு ஒரு நீளமான வெள்ளைச் சுவர் இருந்தது. அதில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் நிற்கலாம். சுவரைப் பார்த்தால் யாருக்கு எது என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று டாக்டர் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலையில் பொம்மையன் சுவரில் ஆரஞ்சு நிறம் போட்டார். பக்கத்தில் நின்ற மைதீன் பிச்சை போடவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது பேரும் இருபது இருபதாகப் பிரிந்துவிட்டார்கள். சென்னையில் அரக்கு வைத்து மூடிய உறையை இவர்கள் சுவரிலேயே திறந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்ததும் முதலாளி அப்துல் ஜப்பார் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவார். சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோற்றையும் கறியையும் வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. பொம்மையனும் மைதீன் பிச்சையும் ஒரே சஹன். மூன்றாவது வெள்ளி, சாப்பாடு முடிந்து, சோறு ஆக்கிய தேக்சாவைக் கழுவித் துடைத்துக் காயவைத்தார்கள். மைதீன் பிச்சை தன் பொட்டலத்தைப் பிரித்து அதில் கொட்டினார். அப்புறம் பொம்மையன். அப்புறம் வரிசையாக எல்லோரும். ஐந்நூற்று அறுபது மாத்திரைகள். அகப்பையைப் போட்டு நன்றாகக் கிளறினார்கள்.

நான் ஓடிப்போய்த் தடுத்தேன். டாக்டர் ஐயா எண்ணிக் கொடுத்தது என்றேன்.

"ஒரே சஹன்ல உக்காந்து பொம்மையன் கறி திங்க, நான் எலும்பு திங்கிறதா மாப்ளே?" என்றார் மைதீன் பிச்சை. "நாங்களும் எண்ணித்தான் குடுப்போம். ஆளுக்குப் பதினாலு. ஒண்ணு குறைஞ்சா என்னயக் கேளு."

"ஐயாவோட மருந்து கெட்டுப் போயிரும் மச்சான்."

"மருந்து எப்புடிக் கெடும்? திங்காம வச்சாத்தான கெடும்."

நான் யோசித்தேன். டாக்டரிடம் சொன்னால் அவர் எல்லாவற்றையும் நிறுத்தி, புதிதாகக் குலுக்கி, ஆள் போட்டுக் கண்முன்னால் விழுங்க வைப்பார். மைதீன் பிச்சைக்கு மறுபடி சுண்ணாம்பு விழலாம். அந்த மாதம்தான் அவர் சுண்டுவிரலில் பாதி போயிருந்தது. ஷரீஃபாவின் முகம் ஞாபகம் வந்தது. அதற்குள் மைதீன் பிச்சை அகப்பையை என் கையில் கொடுத்து, எண்ணத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தானே, எண்ணு என்றார். எண்ணினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் காலையில் டாக்டருக்காக ஐந்நூற்று அறுபது மாத்திரை எண்ணினேன், மத்தியானம் மைதீன் பிச்சைக்காக ஐந்நூற்று அறுபது மாத்திரை எண்ணினேன். இரண்டு கணக்கும் ஒரு நாளும் தவறியதில்லை.

சுவர் முழுக்க இளம் ஆரஞ்சு நிறமானது.

ஐந்தாவது மாதம் மைதீன் பிச்சையின் மணிக்கட்டில் இறகை வைத்தேன். தெரியுது என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து, இறகை எடுத்துவிட்டுக் கேட்டேன். இப்பத் தெரியல என்றார். மறுபடி வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, ஈ உக்காந்த மாதிரி இருக்கு மாப்ளே என்றார். நான் நோட்டில் எழுதினேன். பட்டியலில் மேலே கொஞ்சம் பேரும் கீழே கொஞ்சம் பேருமாக, ஒன்பது மாத முடிவில் நாற்பதில் முப்பத்தொரு பேருக்கு இறகு தெரிந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்துப் பார்த்து வைப்பார். ஒரு நாள், ரொம்ப அதிகமா இருக்கே கிதர் என்றார். நான், ஆமாங்க ஐயா என்றேன்.

1961 ஜனவரி கடைசியில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து ரயிலில் வந்தார்கள். ஷாப்பு ஆபீஸில் மேசை போட்டு, அரக்கை உடைத்து, என் நோட்டையும் அவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மருந்து தின்றவர்களில் குணம் கண்டவர்கள் பதினைந்து. சுண்ணாம்பு தின்றவர்களில் பதினாறு.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், உங்க சுண்ணாம்பு பிரமாதமா வேலை செய்யுது," என்றார்.

டாக்டர் பட்டியலை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பதினைந்தும் பதினாறும்தான் வந்தது. பென்சிலை மேசைமேல் படுக்கவைத்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, அவங்க மாத்திரையக் கலந்து தின்னாங்க," என்றேன்.

தேக்சா, அகப்பை, சுவர் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் பாதியிலேயே மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது வெள்ளிக்கிழமைங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மச்சானுக்குச் சுண்ணாம்பு விழுந்தாலும் விழும்ங்க ஐயா."

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. வேறு ஒன்றும் வரவில்லை. முகம், கழுவித் துடைத்த தேக்சா மாதிரி இருந்தது. தலைவர், முடிவு தெரிந்த பிறகு சொல்லும் காரணத்தை அறிக்கையில் எழுத முடியாது என்றார். அதுவும் இந்த ஆள் சொல்வதை எப்படி எழுதுவது என்றும் கேட்டார். அது நியாயமான கேள்விதான். இன்னொரு முறை பரிசோதனை செய்ய டாக்டர் அனுமதி கேட்டார். பன்னிரண்டு வருஷம் போதுமே டாக்டர் என்றார்கள். பயனில்லை என்று எழுதிய தாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மிச்சமிருந்த மருந்தையும் அவர்கள் பெட்டியில் போட்டு எடுத்துப்போனார்கள். டாக்டர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் மெயின் ரோட்டின் மேல் இரண்டு அறை எடுத்து, காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் போய்க்கொண்டிருந்தேன், பஸ்ஸில். கமிட்டிக்கு அவர் எழுதிய கடிதங்களை நான்தான் தபாலில் சேர்த்தேன். மூன்று கடிதம். பதில் ஒன்று வந்தது, அதில் புது வருஷ வாழ்த்து இருந்தது. அந்தக் காலம் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் என் பழக்கத்தை விட்டு, ஒரு வருஷம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் இருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

1963 கோடையில் ஒரு நாள் காலையில் மைதீன் பிச்சை வந்தார். இடது கையில் துணி சுற்றியிருந்தார். சுண்ணாம்புத் தொட்டி. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கை வெந்திருந்தது.

"ஐயா, அந்த ஆரஞ்சு மாத்திரை இருந்தாக் குடுங்க," என்றார்.

இல்லை என்றார் டாக்டர்.

"செஞ்சு குடுக்கலாம்ல?"

"அனுமதி இல்ல மைதீன்."

மைதீன் பிச்சை அவிழ்த்த துணியை மடியில் வைத்துக்கொண்டார். "நாங்க கலந்து தின்னதுதான் காரணம்னு மாப்ளே சொல்லுறான். நெசமாங்க?"

டாக்டர் வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கையை இங்க வைங்க," என்றார்.

மேசைமேல் கையை வைத்துவிட்டு மைதீன் பிச்சை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டில் பழனி பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் வெந்த தோலைக் கத்தரித்து எடுத்தார், சீழைத் துடைத்தார், எரியும் மருந்தை ஊற்றினார். நான் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். என் பல் கூசியது. மைதீன் பிச்சை இந்த வருஷம் ஆட்டுத்தோல் வரத்துக் குறைந்துபோனதைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கைகழுவப் பின்பக்கம் போனார்.

பஸ் புறப்பட்டுப் போனது. மைதீன் பிச்சை இன்னும் ஜன்னலையே பார்த்தபடி, கையை நகர்த்தாமல், "எப்ப மாப்ளே ஆரம்பிப்பாரு?" என்று கேட்டார்.